கான்கிரீட்டில் துளை விழவே மாட்டேன் என்கிறது, அவசரம்

எபேன்_நெல்லை | புதன், இரவு 9.42
வணக்கம். டிரில் போட்டால் மூன்று செ.மீ. வரை போகிறது, அப்புறம் அப்படியே நின்றுவிடுகிறது. இரண்டு பிட் வீணாகிவிட்டது. சனிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும். எந்த பிட் வாங்கலாம்? எந்த ஃபாஸ்னர் போடலாம்? இங்கே மொரிஷியஸில் கடையில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

வாக்வா_தமிழ் | புதன், இரவு 9.50
என்ன டிரில்? சுவரா, கூரையா? எதை மாட்டப் போகிறீர்கள்? இந்த மூன்றையும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் எழுதியிருக்கிறீர்களே!

திரியோலே_பையன் | புதன், இரவு 9.53
பிட்தான் பிரச்சினை, சந்தேகமே வேண்டாம். போன வருடம் எனக்கும் இதே கதை. இரும்புக்குப் போடும் பிட்டை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தேய்த்தேன், நுனி நீலமாகிப் போனதுதான் மிச்சம். கான்கிரீட் பிட் என்றால் நுனியில் மட்டும் குறுக்கே சாம்பல் நிறத் துண்டு ஒன்று பதித்திருக்கும், அதுதான் டங்ஸ்டன் கார்பைடு. கேங்காயிரியில் (இரும்புச் சாமான் கடையில்) போய் 'மெஷ் பெத்தோன்' என்று கேளுங்கள், எடுத்துக் கொடுப்பார்கள்.

கடலோரம் | புதன், இரவு 10.05
பிட் எதுவாக இருந்தாலும் சரி, போல்ட் மட்டும் துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். ஃபிளிக்-என்-ஃபிளாக்கில் என் வீட்டு வாசல் விளக்குக்கு மஞ்சள் பூச்சுப் போட்ட போல்ட் போட்டேன். இரண்டாம் மழைக்காலத்திலேயே சுவரெல்லாம் பழுப்பாக வழிந்தது. கடல் பக்கம் என்றால் உப்பைத் தாங்கும் 316 ரக எஃகு, வேறு பேச்சே இல்லை.

கல்லும்_கம்பியும் | புதன், இரவு 10.11
தம்பி, வைத்தியரிடம் போய் "வலிக்கிறது, மருந்து கொடுங்கள்" என்று மட்டும் சொல்வீர்களா? எங்கே வலி, எத்தனை நாளாக என்று சொல்ல மாட்டீர்களா? இங்கே வாரம் ஒருவர் இப்படித்தான் வந்து நிற்கிறார். முப்பது வருடம் கட்டட வேலையில் இருந்தவன் என்கிற முறையில் கேட்கிறேன்: ஊற்றிய கான்கிரீட்டா, உள்ளே பொள்ளலான பிளாக்கா? வீட்டுக்கு என்ன வயது? பூச்சு எத்தனை கனம்? 2001-க்கு முன் கட்டியது என்றால் பூச்சில் கடல் மணல் இருக்க வாய்ப்பு உண்டு, அது சீனி மாதிரி உதிரும். அந்த வருடத்தோடு லகூனில் மணல் அள்ளுவது நின்றுவிட்டது. பிறகு வந்ததெல்லாம் அரைத்த எரிமலைக் கல் மணல்.

மின்கம்பி_மணி | புதன், இரவு 10.20
பிளாக் சுவர் என்றால் ஹேமரை நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில் போடுங்கள். பிளாக்கின் ஓடு இரண்டரை, மூன்று செ.மீ.தான் இருக்கும். தட்டித் தட்டிப் போட்டால் உள்பக்கம் தட்டுத் தட்டாகப் பெயர்ந்து விழும். வெளியிலிருந்து பார்த்தால் அழகான துளை, உள்ளே பிடிப்பதற்கு ஒன்றுமே இருக்காது.

வாக்வா_தமிழ் | புதன், இரவு 10.24
பிளாக் என்றால் மூன்று செ.மீ.யில் பிட் பொசுக்கென்று உள்ளே போயிருக்குமே. இவருக்கு நிற்கிறது என்கிறாரே.

எபேன்_நெல்லை | வியாழன், காலை 7.15
மன்னிக்கவும், தூங்கிவிட்டேன். டிரில் ஊரிலிருந்து கொண்டுவந்தது, 600 வாட், சுத்தியல் படம் போட்ட பக்கம் திருப்பித்தான் வைத்திருக்கிறேன். பிட் 10 மி.மீ., கான்கிரீட் பிட்தான். சுவர் இல்லை, மேலே. மாட்டுவது ஊஞ்சல். அம்மா சனிக்கிழமை வருகிறார்கள், ஊஞ்சல் இல்லாமல் அவர்களால் இருக்க முடியாது. காரைக்குடித் தேக்குப் பலகை, கப்பலில் வந்தது. சங்கிலியோடு சேர்த்து 35 கிலோ இருக்கும்.

கணக்கு_டீச்சர் | வியாழன், காலை 7.31
ஊஞ்சலா! அதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

பலகை 35, இரண்டு பேர் ஆளுக்கு 70 என்று வைத்தால் 175 கிலோ. இது ஆடாமல் உட்கார்ந்திருக்கும் கணக்கு. ஆடும்போது கீழ்ப்புள்ளியைக் கடக்கையில் இழுப்பு கூடும். 30 பாகை வரை ஆடினால் 1.27 மடங்கு, 45 பாகைக்கு ஏறக்குறைய 1.6 மடங்கு, பிள்ளைகள் உந்தி 60 பாகைக்குக் கொண்டுபோனால் சரியாக இரண்டு மடங்கு. 45 பாகை என்றே வைத்துக்கொள்ளுங்கள், 280 கிலோ. இரு பக்கமும் பிரிந்தால் பக்கத்துக்கு 140. தலைக்கு மேல் தொங்குகிற சமாசாரம் என்பதால் ஐந்து மடங்கு பாதுகாப்பு வைத்தால் பக்கத்துக்கு 700 கிலோ தாங்க வேண்டும். திடீரென்று ஒருவர் தொப்பென்று உட்காருவது இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

திரியோலே_பையன் | வியாழன், காலை 7.44
இவ்வளவு பயமுறுத்த வேண்டாம் டீச்சர். எங்கள் வீட்டில் 12 மி.மீ. ரால் பிளக் (துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் குழல்), கனமான திருகுக் கொக்கி. எட்டு வருடமாக நிற்கிறது, ஒன்றும் ஆகவில்லை.

கல்லும்_கம்பியும் | வியாழன், காலை 8.02
உங்கள் வீட்டுக்கு எட்டு வருடமாக விருந்தாளியே வரவில்லை என்று நினைக்கிறேன்.

பிளாஸ்டிக் பிளக் சுவரில் அலமாரி மாட்ட. அங்கே பாரம் கீழ்நோக்கி, திருகுக்குக் குறுக்கே வரும். கூரையில் பாரம் திருகின் நீளத்திலேயே இழுக்கும், அதுவும் நாளெல்லாம் ஆட்டி ஆட்டி இழுக்கும். பிளக்கைப் பிடித்திருப்பது உராய்வு ஒன்றுதான். தலைக்கு மேலே, ஆள் தொங்கும் இடத்தில் பிளாஸ்டிக் கூடவே கூடாது.

திரியோலே_பையன் | வியாழன், காலை 8.06
ரால் பிளக்கைப் பற்றி இப்படி இளக்காரமாகப் பேச வேண்டாம். 1911-இல் ராலிங்ஸ் என்பவர் பிரிட்டிஷ் மியூசியத்துச் சுவர் பாழாகாமல் மின் சாதனம் மாட்டவேண்டும் என்றுதான் அதைக் கண்டுபிடித்தார்.

வாக்வா_தமிழ் | வியாழன், காலை 8.15
அது சணல் நாரில் செய்தது. இப்போது நாம் வாங்கும் நைலான் பிளக் ஜெர்மனிக்காரர் ஆர்தர் ஃபிஷர் 1958-இல் செய்தது. அப்புறம் ஒன்று, இங்கே கடையில் ரால் பிளக் என்றால் பாதிப் பேருக்குப் புரியாது, 'ஷெவிய்' என்று கேளுங்கள்.

கடலோரம் | வியாழன், காலை 8.19
தமிழில் எழுதும் இடத்தில் ஷெவிய், மெஷ் எல்லாம் எதற்கு? செருகு என்று நல்ல சொல் இருக்கிறது.

வாக்வா_தமிழ் | வியாழன், காலை 8.23
ரோஸ் ஹில் கடையில் போய் 'பத்து மில்லி செருகு நாலு கொடுங்கள்' என்று கேட்டுவிட்டு, என்ன கிடைத்தது என்று இங்கே வந்து எழுதுங்கள்.

மின்கம்பி_மணி | வியாழன், காலை 8.40
சண்டை அப்புறம். நெல்லைக்காரரே, மேலே என்றால் எங்கே? அறையின் தளமா, வாசல் பக்கமா? தளத்துக்குள் விளக்குக்கான குழாய்கள் கான்கிரீட்டிலேயே புதைந்திருக்கும். விளக்குப் புள்ளியிலிருந்து சுவிட்சுக்கு நேர்க்கோட்டில்தான் போகும் என்று நம்ப வேண்டாம். கம்பி கட்டின அன்று யாருக்கு எப்படிச் சௌகரியமோ அப்படிக் குறுக்கே இழுத்திருப்பார்கள். மெயினை அணைத்தாலும் குழாய் ஓட்டையாகும், பிறகு மழைத் தண்ணீர் அதன் வழியாகவே இறங்கும்.

எபேன்_நெல்லை | வியாழன், பகல் 12.50
வராங்கில், அதாவது வீட்டு முன் தாழ்வாரத்தில். தளத்தில் போடவில்லை, முன்பக்க பீமின் அடியில் போட்டேன். பீம்தானே வீட்டிலேயே பலமான இடம்? நாலு துளை போட்டேன். இரண்டு, ஏழு செ.மீ. வரை போய்விட்டன. மற்ற இரண்டும் மூன்று, மூன்றரையில் நின்றுவிட்டன. சாப்பாட்டு நேரம், வேறு எதையும் இப்போது பார்க்க முடியாது.

கல்லும்_கம்பியும் | வியாழன், பகல் 1.05
கிடைத்தது. துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள் தம்பி, அடியில் பளபளவென்று மின்னும். நீங்கள் குடைந்தது கல்லை அல்ல, கம்பியை.

பீம் பலமான இடம்தான். அந்தப் பலம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? பாரம் ஏறினால் பீமின் நடுப்பகுதியில் அடிப்பக்கம் விரியப் பார்க்கும். கான்கிரீட் நசுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. அதனால்தான் கம்பியெல்லாம் அடியில் கொண்டுபோய்க் கட்டுகிறோம். பூச்சு ஒரு செ.மீ., கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட், அதாவது கவர், இரண்டு இரண்டரை. கூட்டிப் பாருங்கள், உங்கள் மூன்றரை வரும். இன்னும் நல்ல பிட் வாங்கி அதையும் துளைத்து விடாதீர்கள், பீமின் முதுகெலும்பை அறுத்ததாக ஆகும். ஏழு செ.மீ. போன துளைகள்கூட விரிசல் விழும் பகுதியில்தான் இருக்கின்றன. துளைக்குள் விரிந்து பிடிக்கிற சாதாரண ஆங்கர் ஃபாஸ்னரின் பிடி அங்கே நாளடைவில் தளரும்.

வாக்வா_தமிழ் | வியாழன், பகல் 1.20
இவர் சொல்வது சரி. தொனிதான் எப்போதும் போல.

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். சுத்தியல் படம் போட்ட 600 வாட் டிரில்லில் இரண்டு பல் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கடகடவென்று சின்னச் சின்னதாகத் தட்டும், அவ்வளவுதான். நம் ஊர்க் கான்கிரீட்டில் ஜல்லி முழுக்கக் கருங்கல், எரிமலைக் கல். அதற்கு எஸ்டிஎஸ் ரோட்டரி ஹேமர் வேண்டும். அதில் உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி அடிக்கிறது. கையால் அழுத்த வேண்டியதே இல்லை, பிடித்திருந்தால் போதும். வாடகைக்குக் கிடைக்கும். மேல்நோக்கித் துளை போடும்போது கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது.

கடலோரம் | வியாழன், பகல் 1.34
இவ்வளவு குழப்பம் எதற்கு? கெமிக்கல் ஆங்கர் போடுங்கள். துளை, பிசின், எம்12 (12 மி.மீ. கனமுள்ள) தண்டு, மறுநாள் ஊஞ்சல். லாரியையே தொங்கவிடலாம். தண்டு மட்டும் துருப்பிடிக்காத எஃகில்.

கல்லும்_கம்பியும் | வியாழன், பகல் 1.50
லாரியைத் தொங்கவிட்டவர்கள் கதை தெரியுமா? 2006 ஜூலை 10, பாஸ்டன் சுரங்கச் சாலை. மேற்கூரைப் பலகைகளைப் பிசின் ஆங்கரில்தான் தொங்கவிட்டிருந்தார்கள். கீழே போன கார்மேல் விழுந்து ஒரு பெண் இறந்தார். 2012 டிசம்பர் 2, ஜப்பானில் சசாகோ சுரங்கம். அங்கேயும் பிசினில் பதித்த போல்ட் கழன்று ஒன்பது பேர் போனார்கள். தலைக்கு மேலே பசை போட்டு ஒட்டுகிற வேலைக்கு நான் எதிரி.

கடலோரம் | வியாழன், பகல் 2.10
பாதிக் கதை சொல்கிறீர்கள். பாஸ்டனில் போட்டது சீக்கிரம் இறுகும் வகைப் பிசின். இடைவிடாத பாரத்தில் அது ரப்பர் மாதிரி மெதுவாக நீண்டுகொண்டே போகும், அந்த வேலைக்கு அது ஏற்றதே இல்லை என்று விசாரணையிலேயே சொன்னார்கள். தப்பான சரக்கை வாங்கிவிட்டு முறையையே குற்றம் சொல்லக் கூடாது. நீண்டகாலப் பாரத்துக்கென்று சோதித்த பிசின்கள் இருக்கின்றன.

கல்லும்_கம்பியும் | வியாழன், பகல் 2.18
இருக்கின்றன. துளையை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதி, தூசி இல்லாமல் செய்தால்தான் அதுவும் பிடிக்கும். ஏணியில் நின்று தலைக்கு மேல் அதை ஒழுங்காகச் செய்தவரை நான் பார்த்ததில்லை.

கடலோரம் | வியாழன், பகல் 2.21
நீங்கள் பார்க்காததெல்லாம் நடக்கவில்லை என்று அர்த்தமா?

கணக்கு_டீச்சர் | வியாழன், பகல் 2.40
இருவருமே அவர் சனிக்கிழமைக்குள் என்ன செய்யவேண்டும் என்று சொல்லவில்லை. நான் கட்டட வேலை அறிந்தவள் இல்லை. ஆனால் அடியில் கம்பி, அடியில் விரிசல் என்றால் பக்கவாட்டில் போடலாம் அல்லவா? இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரே துளையாக?

கல்லும்_கம்பியும் | வியாழன், பகல் 3.05
டீச்சர் சொன்னதுதான் விடை. முழு துளை, முழு போல்ட், இரு பக்கமும் தகடு. உள்ளே விரிகிற ஆங்கரும் வேண்டாம், பிசினும் வேண்டாம். போல்ட் குறுக்கே படுத்திருக்கும், பாரம் அதை வெட்டப் பார்க்குமே தவிர பிடுங்கப் பார்க்காது. எம்12 போல்ட்டுக்கு 700 கிலோ வெட்டு பெரிய விஷயமே இல்லை.

கேளுங்கள் தம்பி. வெல்டிங் கடையில் 50-க்கு 6 மி.மீ. பட்டையை 'ப' மாதிரி வளைத்து இரண்டு செய்யச் சொல்லுங்கள். பீமைக் கீழிருந்து கட்டிக்கொள்கிற மாதிரி, அடியில் மூடிய வளையம் வைத்து, முழுதாக வெல்டிங் செய்தது. திறந்த கொக்கி வேண்டாம், பாரம் ஏறினால் நிமிர்ந்துவிடும். துளை 14 மி.மீ., பீமின் உயரத்தில் பாதியில். அடிவிளிம்பிலிருந்து பத்து செ.மீ.க்குக் குறையக் கூடாது. பீமுக்குள் செங்குத்தாக ரிங் கம்பி இருக்கும், 15, 20 செ.மீ.க்கு ஒன்று. பிட் நின்றால் முட்டி மோதாமல் மூன்று செ.மீ. தள்ளிப் போடுங்கள். முதலில் 6 மி.மீ. பிட்டில் சோதனைத் துளை போட்டுப் பார்ப்பது நல்லது. பீமின் அகலம் எவ்வளவு? பூச்சோடு 20 செ.மீ. என்றால் பிட்டின் வேலை நீளம் 25-ஆவது வேண்டும், சின்ன பிட்டோடு போய் நிற்காதீர்கள்.

பழைய நாலு துளையையும் திறந்தபடி விடாதீர்கள். சுருங்காத சிமெண்ட் கலவையால் அடையுங்கள். ஈரம் கம்பிக்குப் போனால் துரு ஊதி, பூச்சைத் தள்ளும்.

வாக்வா_தமிழ் | வியாழன், பகல் 3.20
சங்கிலி நாலையும் ஒரே பீமில் போடுவதால், பக்கத்துக்கு இரண்டு சங்கிலி மேலே ஒரே வளையத்தில் சேர வேண்டும். வளையத்துக்கும் சங்கிலிக்கும் நடுவில் திருகு மூடி வைத்த ஷாக்கிள் (லாட வடிவ இணைப்பு வளையம்). ஆட்டத்தில் திருகு கழலும், கம்பி ஒரு சுற்றுச் சுற்றி முறுக்கிவிடுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி. அந்த பீமுக்கு இரு முனையிலும் தூண் இருக்கிறதா? தூண் இல்லாமல் வீட்டிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வராங் என்றால் கம்பி மேல்பக்கம் இருக்கும், நுனியில் தொங்கவிடுவது வேறு கணக்கு. அப்போது என்ஜினியர் பார்க்காமல் தொடவே கூடாது.

மின்கம்பி_மணி | வியாழன், பகல் 3.32
வாடகை வீடா, சொந்த வீடா?

எபேன்_நெல்லை | வியாழன், மாலை 6.10
இரு பக்கமும் தூண் இருக்கிறது. பீம் 20. வாடகை வீடு.

கல்லும்_கம்பியும் | வியாழன், மாலை 6.14
வாடகை வீட்டு பீமில் நாலு துளை போட்டுவிட்டு, எந்த பிட் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார். நான் என்ன சொல்ல!

திரியோலே_பையன் | வியாழன், மாலை 6.30
வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இங்கே கான்கிரீட் வீடு என்றால் ஆளுக்கு அது கோட்டை மாதிரி. 1960-இல் அலிக்ஸ், கரோல் என்ற இரண்டு புயல்கள் தகரமும் மரமுமாக இருந்த வீடுகளை அள்ளிக்கொண்டு போன கதையைத் தாத்தாக்கள் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்கள் பீமில் துளை என்றால் காவடி எடுத்தாலும் தீராது.

கடலோரம் | வியாழன், மாலை 6.41
புயல் என்றதும் ஞாபகம் வருகிறது. எச்சரிக்கை முதல் வகுப்பு அறிவித்தவுடன் ஊஞ்சலைக் கழற்றி உள்ளே வையுங்கள், மூன்று நான்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 2024 ஜனவரியில் பெலால் வந்தபோது பக்கத்து வீட்டு மூங்கில் ஊஞ்சல் எங்கள் கார்மேல் கிடந்தது. 35 கிலோ தேக்கு சங்கிலியில் ஆடினால் அது சுவர் இடிக்கும் கருவி. ஷாக்கிள் துருப்பிடிக்காத எஃகில் இருந்தால் கழற்றவும் சுலபம்.

வாக்வா_தமிழ் | வியாழன், மாலை 6.44
எதைச் சொன்னாலும் அங்கேதான் வந்து நிற்கிறார். குவாத்ர போர்ன், வாக்வா மேட்டு நிலத்துக்கெல்லாம் சூடாகத் துத்தநாகம் முக்கியது போதும், 316 வேண்டியதில்லை.

கடலோரம் | வியாழன், மாலை 6.47
வாக்வாவில் வருடம் முழுக்க மழை தூறிக்கொண்டே இருக்கிறதே, அது தண்ணீர் இல்லையா?

வாக்வா_தமிழ் | வியாழன், மாலை 6.52
உப்பில்லாத தண்ணீர்.

(இதன் கீழ் இருவரும் எழுதிய பதினொரு பதில்கள் மழையைப் பற்றியவை என்பதால் நீக்கப்பட்டன. - நிர்வாகி)

கணக்கு_டீச்சர் | சனி, இரவு 8.20
அம்மா வந்துவிட்டார்களா? ஊஞ்சல்?

எபேன்_நெல்லை | ஞாயிறு, காலை 10.35
மாட்டியாச்சு. பக்கவாட்டில்தான். வீட்டுக்காரரே ரோட்டரி ஹேமர் கொண்டுவந்தார், நாலு துளையையும் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரு பக்கம் ரிங் கம்பியில் பட்டது, தள்ளிப் போட்டோம். முதலில் ஆளில்லாமல் பலகையில் ஆறு சிமெண்ட் மூட்டை அடுக்கி ஓர் இரவு விட்டோம், அசையவில்லை. அம்மா இப்போது அதில்தான் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி. ஆடும்போது கிரீச் கிரீச் என்கிறது, அதற்கு என்ன போடலாம்?

கல்லும்_கம்பியும் | ஞாயிறு, காலை 10.48
மூட்டை வைத்துப் பார்த்தது நல்ல வேலை. அது நான் சொல்லாதது. கிரீச் சத்தம் சங்கிலி முதல் கண்ணியிலா, ஷாக்கிளிலா? பட்டையை இறுக்கிய போல்ட்டிலிருந்து வந்தால் உடனே இறங்கச் சொல்லிவிட்டு நட்டை இறுக்குங்கள், இரட்டை நட்டாகப் போடுங்கள். சங்கிலி என்றால் கிரீஸ் போதும்.

திரியோலே_பையன் | ஞாயிறு, காலை 11.02
கிரீஸ் வேண்டாம், அம்மா சேலையில் படும். மெழுகுவர்த்தியைத் தேயுங்கள்.

கல்லும்_கம்பியும் | திங்கள், காலை 8.00
எங்கிருந்து சத்தம் வருகிறது என்று கேட்டிருந்தேன்.

கல்லும்_கம்பியும் | புதன், காலை 8.00
தம்பி?

புதுவரவு_மாஎபூர் | நான்கு மாதம் கழித்து
வணக்கம். எனக்கும் வீட்டில் ஊஞ்சல் மாட்ட வேண்டும். எந்த ஃபாஸ்னர் போடலாம்?

கல்லும்_கம்பியும் | அன்றே
தளமா, பீமா? தூண் இருக்கிறதா? சொந்த வீடா?